ஈ இருக்கறது எனக்கே தெரியுதுங்க

ஊரில் உள்ளவர்கள் கையில் பிரச்சினையை வைத்துக்கொண்டு தீர்வு தேடி அலைவார்கள். நான் சம்பளம் வாங்கிக்கொண்டு பிரச்சினை தேடி அலைந்தேன். தீர்வைப் பற்றிக் கவலையே இல்லை, அது முன்னமே முடிவாகியிருந்தது. ஒரு மொபைல் ஆப்.

விவரமாகச் சொல்லிவிடுகிறேன். கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். பேர் வேண்டாம். இந்தப் பக்கம் ரோட்டோரம் எந்த இரும்புக் கேட்டைப் பார்த்தாலும் உள்ளே ஒரு கல்லூரி இருக்கும், நீங்களாகக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு நாள் சர்க்குலர் வந்தது. பி.எஸ்ஸி. பிள்ளைகள் இனி அவரவர் துறைக்குள் உட்கார்ந்து படித்தால் போதாது. நாலு துறைப் பிள்ளைகள் ஒரே குழுவாகச் சேர்ந்து, சமூகத்தில் உள்ள நிஜப் பிரச்சினை ஒன்றைத் தீர்க்க வேண்டும். அதற்கு மார்க் உண்டு, கிரெடிட் உண்டு. ஒருங்கிணைப்பாளர் யாரென்று முடிவு செய்த கூட்டத்துக்கு நான் போகவில்லை. போகாதவர்தான் ஒருங்கிணைப்பாளர் என்பது எங்கள் கல்லூரியின் எழுதாத சட்டம்.

யோசனை நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. எட்டிமடையில் அமிர்தா பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் 2013லிருந்தே ‘லிவ் இன் லேப்ஸ்’ என்று கிராமத்தில் போய்த் தங்கி வேலை செய்கிறார்கள். 2017ல் மத்திய அரசின் ஹேக்கத்தான் வந்தது, 2022ல் தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் வந்தது. இத்தனை பேர் முந்திக்கொண்ட பிறகு நமக்கென்று ஒரு பிரச்சினையாவது மிச்சம் இருக்குமா என்பதுதான் எனக்கு முதலில் வந்த பயம்.

பல்துறை என்றார்களே, அதில்தான் முதல் சறுக்கல். எங்கள் இயற்பியல் துறைக்கும் தாவரவியல் துறைக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு தாழ்வாரம். இத்தனை வருஷ சர்வீஸில் நான் அதைத் தாண்டிப் போனது வீட்டு ரோஜாச் செடி வாடியபோது மட்டும்தான். செடியைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். நன்றி சொல்லத் திரும்பப் போகவில்லை.

அறிமுக வகுப்பில் ஒரு பையன் எழுந்து, “சார், கரும்பு பூக்குமா?” என்று கேட்டான். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடுகிற வீட்டுப் பிள்ளை, ஏதோ சந்தேகம் வந்திருக்கிறது. இயற்பியல்காரனுக்கே உரிய துணிச்சலோடு, “கரும்பாவது பூக்கறதாவது, கணுவை வெட்டி நட்டா முளைக்குது, பூவுக்கு அதுல என்ன வேலை?” என்றேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தாவரவியல் மேடம் தன் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்கும்போது நானும் அப்படித்தான் குனிவேன், அதனால் புரிந்தது.

வகுப்பு முடிந்ததும் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கரும்பு பூக்கும். கோயமுத்தூரில் நன்றாகவே பூக்கும். ஐப்பசி கார்த்திகையில் வீரகேரளம் பக்கம் போனால் வெள்ளி நிறத்தில் கொண்டை கொண்டையாக நிற்கும். இந்த மண்ணில் அது பூக்கிறது என்பதால்தான் 1912ல் கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்தை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அங்கிருந்த விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் தடிக் கரும்பையும் காட்டுநாணலையும் சேர்த்து, 1918ல் ‘கோ 205’ என்ற ரகத்தை வடநாட்டுக் குளிருக்கும் வறட்சிக்கும் தாங்குகிற மாதிரி கொடுத்தார்கள். அந்த ‘கோ’ கோயமுத்தூரின் கோ. 1930களில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் இதே இடத்தில் கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்து பார்த்திருக்கிறார். பூவே இல்லாத செடியை வைத்து இதில் எதைச் செய்ய முடியும் என்று மேடம் கேட்கவில்லை. கேட்காதது அவருடைய பெருந்தன்மை. நான் பொங்கலுக்குப் பொங்கல் கடித்துத் துப்பியதோடு சரி.

நிஜ வாழ்க்கையைச் சொல்லித்தர எனக்கென்ன தகுதி என்று நீங்கள் கேட்பீர்கள். என் மாமனார் அதை ரொம்ப காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். வாயால் இல்லை, பார்வையால்.

அவருக்கு அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டம், பழைய கிணறு. ஒரு நாள் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. மாப்பிள்ளை பிசிக்ஸ் ஆச்சே என்று என்னைக் கூப்பிட்டார்கள். கிணற்று மேட்டில் நின்று விளக்கினேன். பம்பு தண்ணீரை இழுப்பதில்லை, வெளிக்காற்றின் அழுத்தம்தான் அதைத் தள்ளி ஏற்றுகிறது. கணக்குப்படி பத்து மீட்டருக்குக் கொஞ்சம் மேலே அது கைவிட்டுவிடும், நடைமுறையில் ஏழு எட்டு தாண்டினாலே திணறும். அதனால்தான் நம் ஆட்கள் ஆழக் கிணற்றில் பாதி வழியில் மேடை கட்டி மோட்டாரை அங்கே இறக்கி வைத்தார்கள். ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. தண்ணீர்தான் வரவில்லை.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சத்தம் கேட்டு வந்தார். குழாயை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, “ஃபுட்வால்வு புடிக்கலீங்க, அவ்வளவுதான்” என்றார். ஒரு வாளித் தண்ணீரில் சாணியைக் கரைத்து, பம்பின் மேல்வாயில் ஊற்றினார். சாணியில் உள்ள நாரெல்லாம் கீழே போய் வால்வின் இடுக்கில் அடைத்துக்கொண்டது, ஒழுக்கு நின்றது, குழாய் நிறைந்தது. சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் தொட்டியில் குதித்தது. பாய்ம இயக்கவியல், பொருளறிவியல், கால்நடைப் பராமரிப்பு மூன்றும் சேர்ந்த பல்துறைத் தீர்வு என்றால் அதுதான். மாமனார் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. “மாப்பிள்ளைக்குக் கை கழுவத் தண்ணி குடு” என்றார் மாமியாரிடம். நான் எதையும் தொட்டிருக்கவே இல்லை.

இந்த அனுபவத்தோடுதான் குழுக்களுக்கு வழிகாட்டக் கிளம்பினேன்.

முதல் குழு சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. நொய்யல் ஆற்றைச் சுத்தம் செய்வது. வேதியியல் பையன் ஒருவன் முருங்கை விதைப் பொடியைப் பாட்டில் தண்ணீரில் போட்டுக் கலக்கி வைத்தான். கொஞ்ச நேரத்தில் கலங்கல் எல்லாம் அடியில் படிந்து, மேலே பளிங்கு மாதிரி தெளிந்து நின்றது. நான் அந்த நிமிஷமே போட்டோ எடுத்து, கல்லூரி பிரவுச்சருக்கு அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகுதான் வேதியியல் சார் வந்து டி.டி.எஸ். மீட்டரை உள்ளே விட்டார். முன்பு காட்டிய எண்ணையே அது காட்டியது.

முருங்கை விதை மிதக்கிற தூசியைத்தான் பிடித்து இறக்கும், கரைந்த உப்பை ஒன்றும் செய்யாது. நொய்யலின் நோயோ உப்பு. சாயம் துணியில் பிடிக்க உப்பு போடுகிறார்கள், அது கழிவோடு ஆற்றுக்கு வந்தது. பாசனத்துக்கென்று 1992ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அந்தத் தண்ணீர் தேங்கி, பயிருக்கு விட்டால் பயிர் கருகியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது அதனால்தான். இன்றைக்கு அங்கே சவ்வில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பைத் தனியே எடுத்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். வேதியியல், சட்டம், கரண்டு பில், வேலை இழந்த குடும்பங்கள், எல்லாம் சேர்ந்த விவகாரம். நாங்கள் அதை ஒரு லிட்டர் பாட்டிலில் முடித்திருந்தோம். பிரவுச்சர் அச்சாகிவிட்டது, இன்னும் ரிசப்ஷனில் கிடக்கிறது.

அடுத்து கள ஆய்வு. கிராமத்துக்குப் போய் மக்களைக் கேட்பது. இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குக் கல்லூரிப் பிள்ளைகள் புதிதில்லை. வேளாண் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் கடைசி வருஷத்தில் ஊரிலேயே வந்து தங்கி, சேற்றில் இறங்கி, பால் கறக்கிற நேரத்துக்கு எழுந்து பண்ணையம் கற்றுக்கொண்டு போவது பல காலமாக நடக்கிறது. ஆகவே எங்கள் பஸ் நின்றதும் ஒரு பெரியவர் வாஞ்சையோடு வந்து, “அக்ரி காலேஜுங்களா?” என்றார். “இல்லீங்கய்யா, நாங்க பிசிக்ஸ்” என்றேன். அவர் முகம் இன்னும் மலர்ந்தது. “வாங்க வாங்க, மூணு நாளா ஒரு பேஸ் கரண்டு வர்றதில்லீங்க” என்றார்.

நாங்கள் கேள்வித்தாள் கொண்டுபோயிருந்தோம். “உங்கள் வாழ்வாதாரத்தில் தாங்கள் எதிர்கொள்ளும் முதன்மையான சவால் யாது?” என்று முதல் கேள்வி. ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இப்பத்திக்கு நீங்கதான் கண்ணு, மாட்டுக்குத் தண்ணி காட்டற நேரம்” என்றார்.

மிச்சப் படிவங்களை மாணவர்கள் பிற்பாடு ஆன்லைனில் வாங்கிவிட்டதாகச் சொன்னார்கள். நூற்றுக்கணக்கில் பதில். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பதில் சொன்ன விவசாயிகள் எல்லோரும் 2005ல் பிறந்திருந்ததை அட்டவணை போடும்போதுதான் கவனித்தேன். நல்ல மகசூல் எடுக்கும் வயது என்று விட்டுவிட்டேன்.

இப்போது ஈ கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் தப்பிக்கலாமா என்று நிறைய யோசித்தேன்.

எங்கள் வகுப்பில் ஆனைமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அதிகம் பேசாது. பிரச்சினைகளைப் பட்டியல் போடச் சொன்னபோது “எங்க தோப்புல வெள்ளை ஈ, சார்” என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தது. நான் அதைப் படித்துவிட்டு, “சொந்தப் பிரச்சினையா வேண்டாம்மா, சமூகப் பிரச்சினையா பெருசா யோசி” என்று திருப்பிக் கொடுத்தேன். தென்னையை நம்பிய ஒரு தாலுகாவே சமூகத்தில் சேர்த்தி இல்லை என்று அன்றைக்கு எனக்கு ஒரு எண்ணம் இருந்திருக்கிறது.

பிறகு பேப்பரில் அதைப் பற்றி அரைப் பக்கச் செய்தி வந்ததும் அதுவே சமூகப் பிரச்சினை ஆகிவிட்டது. சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்கப் பூச்சி. 2016ல் பொள்ளாச்சிப் பக்கத் தென்னையில் கண்டார்கள். ஓலைக்கு அடிப்புறம் மெழுகுத் தூளோடு சுருள் சுருளாக முட்டையிடும், உட்கார்ந்து சாறு குடிக்கும். அது கழிக்கிற இனிப்புத் தண்ணீர் கீழ் ஓலை மேல் சொட்டும், அந்த இனிப்பில் கரும்பூசணம் படரும், ஓலை அடுப்பங்கரைச் சுவர் மாதிரி கறுத்துவிடும். கறுத்த ஓலைக்கு வெயில் ஏறாது. ஈ ஒரு பக்கம் குடிக்கிறது, மரம் இன்னொரு பக்கம் பட்டினி. பூச்சியியல், பூஞ்சையியல், ஒளிச்சேர்க்கை மூன்றும் ஒரே மட்டையில். நான் கேட்டது ஒரே கேள்விதான்: “இதுக்கு ஆப் பண்ணலாமா?”

தாவரவியல் மேடம், “அடிப்புறம் பாத்து வேகமாத் தண்ணி பீச்சினாலே பாதி இறங்கிரும் சார்” என்றார். எனக்குச் சப்பென்று போய்விட்டது. தண்ணீர் அடிப்பதில் இன்னோவேஷன் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பிரஷர், நாசில், திசைவேகம் என்று மொத்தமும் இயற்பியலாகவே இருந்த ஒரே தீர்வை இயற்பியல் துறைதான் நிராகரித்தது.

ஆப் என்றால் செயற்கை நுண்ணறிவு, செயற்கை நுண்ணறிவு என்றால் போட்டோ வேண்டும். தோப்பில் தாக்குதல் உள்ள ஓலையாகப் பார்த்துப் பார்த்து வெட்டி, கல்லூரிக்குக் கொண்டுவந்து, வெள்ளைத் துணி விரித்துப் படம் எடுத்தோம். கறுத்த புள்ளிகள் நிறைய இருந்த ஓலைகள் படத்தில் நன்றாக விழுந்தன, அவற்றையே அதிகம் எடுத்தோம். வேலை முடிந்ததும் பரவிவிடக் கூடாதே என்று பொறுப்பாக எல்லாவற்றையும் மைதானத்தில் போட்டு எரித்தோம். மாணவர்களுக்குச் சமூகப் பொறுப்புணர்வு வர வேண்டும் என்று நானே தீக்குச்சி கிழித்தேன்.

பிறகொரு கருத்தரங்கில் பூச்சியியல் வல்லுநர் ஒருவரிடம் இதை ஆசையாகச் சொன்னேன். “கறுப்புப் புள்ளியா?” என்று நிறுத்தினார். வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிற குளவி ஒன்று இருக்கிறதாம், என்கார்சியா என்று பேர், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு. அது புகுந்த ஈக்குஞ்சுதான் கறுத்துப்போகுமாம். அந்த ஓலையை வெட்டிக்கொண்டுபோய் அடுத்த தோப்பில் கட்டிவிட்டால் குளவி அங்கேயும் பரவும். மருந்து தெளித்தால் ஈயை விட இந்தக் குளவிதான் முதலில் சாகும், அதனால்தான் மருந்தடிக்க வேண்டாம் என்று தொண்டை வற்றச் சொல்கிறார்கள். “அந்த ஓலைகளை என்ன பண்ணுனீங்க?” என்றார். பத்திரமாக இருக்கின்றன என்றேன். சாம்பலும் பத்திரமாகத்தான் இருந்தது.

ஆப் தயாரானது. அந்த ஆனைமலைப் பெண்ணின் அப்பாவிடம் செய்துகாட்டத் தோப்புக்குப் போனோம். இளநீர் வெட்டிக் கொடுத்தார், நாற்காலி போட்டார், பொறுமையாகக் கேட்டார். மாணவன் போனை மரத்தின் மேல் காட்டினான், சிவப்பு எழுத்தில் ‘வெள்ளை ஈ கண்டறியப்பட்டது’ என்று வந்தது. நாங்கள் கைதட்டினோம். அவர் மரத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏனுங் சார், ஈ இருக்கறது எனக்கே தெரியுதுங்க. ஓலையெல்லாங் கரிப்புடிச்சாப்பல நிக்குதல்லங்க. அதைப் போனு வேற சொல்லோணுங்களா?”

பதில் தேடிக்கொண்டிருந்தபோது மாணவன் பதற்றத்தில் போனைத் திருப்பிவிட்டான். அது அவருடைய வெள்ளை வேட்டியைப் பார்த்து, ‘கடுமையான தாக்குதல்’ என்றது.

அந்தப் பெண் அதற்குள் வேறு ஒரு வேலை செய்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டுவந்து, மஞ்சள் ஷீட்டில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் கட்டியிருந்தது. மஞ்சளுக்கு ஈ மயங்கி வந்து ஒட்டிக்கொள்கிறது. கறுத்த ஓலைக்கு மைதா மாவுக் கஞ்சி காய்ச்சி, ஆறவைத்துத் தெளித்திருந்தார்கள். வெயிலில் காய்ந்ததும் மாவு பொருக்குப் பொருக்காக உரிகிறது, உரியும்போது கரும்பூசணத்தையும் கூட்டிக்கொண்டு விழுகிறது. நான் ஓலை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். விரல் நகத்தால் நெம்பினால் கறுப்புத் தோல் தனியே வந்து, அடியில் பச்சை மினுங்கியது. பக்கத்துத் தோப்புக்காரர்கள் இரண்டு மூன்று பேர் வந்து பார்த்துவிட்டு மைதா வாங்கக் கடைக்குப் போனார்களாம். மைதாவை நான் புரோட்டாவுக்கு மேல் யோசித்ததே இல்லை.

இத்தோடு விட்டேனா என்றால், இல்லை. சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக் கூடத்தில் இரைச்சல் அளக்கப் போன கதை பாக்கி இருக்கிறது. இரைச்சல் என்றால் என் பாடம், இதில் யாரும் என்னை மடக்க முடியாது. உள்ளே போனதும் போனில் டெசிபல் தொண்ணூறைத் தாண்டி நின்றது. எட்டு மணி நேரம் இதில் நின்றால் காது என்னாகும் என்று கத்திக் கத்தி விளக்கினேன். தறி ஓட்டுபவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவருக்கு என்ன கேட்டிருக்கும் என்று வெளியே வந்த பிறகுதான் தோன்றியது.

பஞ்சுக் காதடைப்பான்களை விநியோகித்துவிட்டுப் பெருமிதமாக வந்தோம். அடுத்த முறை போனபோது எல்லாம் ஜன்னல் கட்டையில் இருந்தன. “கோச்சுக்காதீங்க சார்” என்றார் அந்த அண்ணன். ஒரே ஆள் பல தறியைப் பார்க்கிறார். இழை அறுந்தாலும் நாடா தடுமாறினாலும் சத்தம் மாறும், அந்த மாற்றத்தை வைத்துத்தான் எந்தத் தறிக்கு ஓட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். “காதை அடைச்சா தறி நெய்யறது துணியா பழுதான்னு எப்படிங்க தெரியும்?” எனக்கு மொத்தமும் ஒரே இரைச்சலாகக் கேட்ட இடத்தில் அவர் ஒவ்வொரு தறியையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒலியியல் பேப்பரில் நான் கோல்டு மெடல். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் அங்கே சொல்லவில்லை.

இந்த ஊரில் பிறந்ததே எனக்குப் பாதகம் என்று சில நேரம் தோன்றும். கோயமுத்தூரில் எதைத் தொட்டாலும் அதைப் பள்ளிக்கூடம் முடிக்காத ஒருவர் முன்னமே செய்திருப்பார். சூலூர்ப் பக்கம் களங்கலில் 1893ல் பிறந்த ஜி.டி. நாயுடு மோட்டார் சைக்கிளை வாங்கிக் கழற்றி மாட்டிக் கற்றவர். 1937ல் இங்கேயே மின்மோட்டார் செய்ததில் அவருக்குப் பங்குண்டு. 1945ல் கவர்னர் ஆர்தர் ஹோப் பேரில் தொழில்நுட்பக் கல்லூரி வரக் காரணமாக இருந்துவிட்டு, இன்ஜினியரிங்குக்கு நாலு வருஷம் எதற்கு, ரெண்டு போதும் என்று வாதாடினார். அரசாங்கம் கேட்கவில்லை, விலகிவிட்டார். அந்தக் கல்லூரி இன்றைக்குத் தடாகம் ரோட்டில் ஜி.சி.டி. என்ற பேரில் இருக்கிறது. ‘ஹோப் காலேஜ்’ என்கிற பஸ் ஸ்டாப்பின் பேர் மட்டும் பழைய இடமான அவினாசி ரோட்டிலேயே நின்றுவிட்டது. பிளஸ் டூ முடித்த வருஷம் நான் அந்த ஸ்டாப்பில் இறங்கி, ஹோப் காலேஜில் அப்ளிகேஷன் எங்கே தருகிறார்கள் என்று விசாரித்தேன். டீக்கடைக்காரர், “அது போயி அம்பது வருசமாச்சு தம்பி” என்றார்.

நாயுடு சொன்ன மாதிரி ரெண்டு வருஷத்தில் முடித்திருந்தால் என்னைப் போன்றவர்களுக்குப் பாதி வேலைதான் இருந்திருக்கும். அரசாங்கம் சில சமயம் சரியாகவே முடிவெடுக்கிறது.

அருணாசலம் முருகானந்தம் கதை உங்களுக்குத் தெரியும். மலிவு விலை நாப்கின் இயந்திரம், 2016ல் பத்மஸ்ரீ. பதினாலு வயதில் படிப்பை விட்டவர். மாணவர்களுக்குப் பாடமாக இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிற இடங்கள் இரண்டு. மருத்துவக் கல்லூரிப் பெண்களிடம் நாப்கினைக் கொடுத்துக் கருத்துப் படிவம் கேட்டிருக்கிறார். கொஞ்சம் பேர் உட்கார்ந்து எல்லோருக்கும் சேர்த்து எழுதிக்கொண்டிருந்ததைக் கையோடு பிடித்தவர், படிவத்தை நம்பாமல் ஃபுட்பால் பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தானே கட்டிக்கொண்டு நடந்து பார்த்தார். 2005ல் பிறந்த என் விவசாயிகள் நினைவுக்கு வந்தார்கள். நான் எதையும் கட்டிக்கொண்டு நடக்கவில்லை, ஆவரேஜ் போட்டேன்.

இன்னொரு இடம், பேராசிரியர். பெரிய கம்பெனிகளில் நாப்கினுக்குள் என்ன வைக்கிறார்கள் என்று தெரியாமல், ஆங்கிலத்தில் கடிதம் எழுத ஒரு பேராசிரியரின் உதவியை நாடியிருக்கிறார் முருகானந்தம். பதிலுக்கு அவர் வீட்டில் வேலை செய்து கொடுத்திருக்கிறார். உள்ளே இருப்பது பஞ்சில்லை, மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ் என்று தெரியவே ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. இதுவரை நம் ஊரில் நடந்த பல்துறை ஆராய்ச்சிகளில் ஒரு பேராசிரியர் இவ்வளவு பொருத்தமாகப் பயன்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. என்னிடம் வந்திருந்தால் முதலில் லிட்ரேச்சர் சர்வே எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருப்பேன்.

வருஷக் கடைசியில் மதிப்பீடு. மதிப்பெண் அட்டவணை நானே தயாரித்தது: புதுமைக்கு முப்பது, தொழில்நுட்பத்துக்கு முப்பது, விளக்கக்காட்சிக்கு முப்பது, பயனுக்குப் பத்து. வேட்டியைக் கண்டுபிடித்த ஆப் முதல் பரிசு வாங்கியது. மஞ்சள் ஷீட்டும் மைதாவும் தொழில்நுட்பத்தில் தேறவில்லை, புதுமையில் சுத்தமாக அடிபட்டன, விளக்கக்காட்சிக்கு அந்தப் பெண் இரண்டே ஸ்லைடு போட்டிருந்தது. இரண்டாவது ஸ்லைடு தோப்பின் படம். பி கிரேடு கொடுத்தேன். அவங்கப்பா தேங்காய் கொடுத்து அனுப்பியிருந்தார், அதை வாங்கிக்கொண்ட பிறகு கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாரபட்சம் காட்டாத வாத்தியார் என்று எனக்குப் பேர்.

இந்த வருஷம் அட்டவணையை மாற்றலாம் என்று மேடம் சொன்னார். பிரச்சினையையும் மாணவர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றார். சரி என்றேன். போன வாரம் ஒரு குழு வந்தது, அந்தப் பெண்ணின் ஜூனியர்கள். அறிக்கை ஒரே பக்கம். எங்கள் கல்லூரி வாசலில் நிற்கும் டவுன் பஸ் 4.40க்குப் புறப்படுகிறது. இயற்பியல் ஆய்வகம் 4.45க்கு முடிகிறது. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, இருட்டிய பிறகு ஊர்ப் பிரிவில் இறங்கி நடக்கிற பிள்ளைகள் இத்தனை பேர் என்று ஊர்வாரியாகப் பெயரோடு எழுதியிருந்தார்கள். கணிதப் பையன் அட்டவணை போட்டிருந்தான், கம்ப்யூட்டர் சயன்ஸ் பெண் வரைபடம் வரைந்திருந்தது. ஆப் எதுவும் இல்லை.

தீர்வு கடைசி வரியில் இருந்தது. ஆய்வகத்தைப் பத்து நிமிஷம் முன்னால் ஆரம்பித்தால் போதும். செலவு: பூஜ்யம். தடை என்ற தலைப்பின் கீழே மரியாதையாக எழுதியிருந்தார்கள்: ‘மதிய இடைவேளைக்குப் பின் பொறுப்பு ஆசிரியர் தேநீர் அருந்திவிட்டு வரும் நேரம்.’

பொறுப்பு ஆசிரியர் நான்தான். கோப்பு மேஜையில் இருக்கிறது. புதுமை இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பலாமா என்று பார்க்கிறேன்.